சார்ட்டில் ஐந்தாவது பெயர்

ஜூலை 9, ஞாயிறு

முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனா இருந்தேன். ரிட்டயராகி மூணு வருஷம் கழிச்சு, சொந்த வீட்டுக்குள்ளேயே வித்அவுட் ஆட்களைப் பிடிக்க வேண்டி வரும்னு நினைக்கலை.

ஒரு வாரமா டி.வி.யில் செய்தி பார்க்க முடியலை. வாசிக்கிற பொண்ணு வாயைத் திறந்தபடி நிக்கிறா, நடுவில் வட்டம் சுத்துது. நெட் கனெக்‌ஷன் கொடுத்த ஃபாரூக் இன்னிக்குத்தான் வந்தார். நாற்பத்தஞ்சு வயசு மனுஷன், கண்ணாடியைத் தலையில் ஏத்தி வெச்சுக்கிட்டு கண்ணாடி எங்கேன்னு தேடுற ரகம். ஆனா தொழில் தெரிஞ்சவர். போனைப் பார்த்துட்டு, "சார், நீங்களும் அக்காவும் ரெண்டு பேர்தானே? பதினோரு போன் ஓடுது உங்க வைஃபையில" என்றார்.

எல்லாம் பக்கத்து வீட்டு ஆரோக்கியராஜ் குடும்பம். என் சம்சாரம் வேணிதான் அவர் மருமகள்கிட்ட பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கா. அவளுக்கு யார் எது கேட்டாலும் இல்லைன்னு சொல்ல வராது. முப்பது வருஷமா பார்க்கிறேன்.

பாஸ்வேர்டை மாத்துங்கன்னு சொன்னேன். "மாத்தினா ரெண்டு நாள்ல அக்காகிட்ட மறுபடி கேட்டு வாங்கிடுவாங்க சார். லிஸ்ட் போட்டுடலாம். ஒவ்வொரு போனுக்கும் ஒரு நம்பர் இருக்கு. லிஸ்ட்ல இருக்கிற நம்பர் மட்டும்தான் உள்ளே வரும். பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் மத்தவங்க வர முடியாது."

அட, இது சார்ட். எனக்குத் தெரியாத சார்ட்டா? பேர் இருந்தா ஏறு, இல்லேன்னா அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு.

பழைய பழக்கம், டைரியில் எழுதிக்கிட்டே வந்தேன். ஒண்ணு என் போன். ரெண்டு வேணி போன். மூணு டி.வி. நாலு மாப்பிள்ளை போன், போன பொங்கலுக்கு வந்தப்போ சேர்த்தது. அஞ்சு, மகள் தாரணி போன், கடைசி நம்பர் 9சி 41.

"தாரணி பாப்பா போன் இருக்கட்டுமா சார்?"

"வேண்டாம். எடுத்துடுங்க."

"மாப்பிள்ளை போன்?"

"அது இருக்கட்டும்."

சமையல்கட்டில் குக்கர் ஏழெட்டு விசில் அடிச்சுது. வேணி அங்கேயேதான் நின்னா, அடுப்பை அணைக்கலை. நான்தான் போய் அணைச்சேன். பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு.

ஜூலை 10, திங்கள்

செய்தி ஓடுது. வட்டம் இல்லை. போனிலேயே தினமும் பார்க்கிற மாதிரி ஃபாரூக் கற்றுக்கொடுத்திருக்கார். யார் உள்ளே இருக்காங்க, எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்க, யார் வந்து பார்த்து மறுக்கப்பட்டாங்க, எல்லாம் இருக்கு. மறுக்கப்பட்டவங்க பக்கத்தில் ஆரோக்கியராஜ் வீட்டுக் கூட்டம் மொத்தமும் நிக்குது. பிளாட்பாரத்தில் நிக்கிற கூட்டம் மாதிரி இருந்துது. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். கெட்ட புத்திதான்.

ஜூலை 11, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் ஜங்ஷன் பக்கம் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போறது வழக்கம். பத்து மணிக்குக் கிளம்பினா ஒரு மணிக்குத்தான் வருவேன். மத்தவங்களுக்கு மனு எழுதித் தர ஆள் வேணும், என் கையெழுத்துதான் அங்கே புரியற கையெழுத்து.

சாயங்காலம் லிஸ்ட் பார்த்தேன். காலையில் 10.50க்குப் புது போன் ஒண்ணு வந்து மறுக்கப்பட்டிருக்கு. ஆரோக்கியராஜ் வீட்டுக்கு விருந்தாளி போல.

ஜூலை 14, வெள்ளி

அதே போன். 10.48லிருந்து 12.35 வரைக்கும் ஏழெட்டுத் தடவை முட்டியிருக்கு.

டைரியோட பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஆரோக்கியராஜ் கூட்ஸ் வண்டி கார்டா இருந்து ரிட்டயரானவர், பனியனோட பேப்பர் படிச்சிட்டிருந்தார். "என்னப்பா மூர்த்தி, ஸ்குவாடு செக்கிங்கா? என் மருமகள் உன்மேல கடுப்புல இருக்கா. சீரியல் பாதியில நின்னு போச்சாம்."

"காலையில யாராவது விருந்தாளி வந்தாங்களா?"

"யாரும் வரலை. ஆனா..." என்று ஆரம்பிச்சவர், என் முகத்தைப் பார்த்துட்டு, "ஒண்ணுமில்லப்பா, காபி சாப்பிடுறியா?" என்றார். ரெண்டு தடவை கேட்டேன். பேப்பரைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டார். அவர் வாயிலிருந்து ஒரு விஷயம் பாதியில நின்னதை இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், மோர்க்குழம்பு மிச்சம். ரெண்டு பேர் இருக்கிற வீட்டில் இத்தனை எதுக்குன்னு கேட்டேன். ஆடி பொறக்கப் போகுதுங்க என்றாள். ஆடி திங்கட்கிழமைதான் பொறக்குது. அதுக்கும் வறுவலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலை.

ஜூலை 16, ஞாயிறு

மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் அவர் போன் தானா சேர்ந்துக்கிட்டதை லிஸ்டில் காட்டினேன். "பார்த்தீங்களா, உங்களுக்கு இங்கே பெர்மனென்ட் பெர்த்" என்றேன். சிரிச்சார். வேணி காபியைக் கொண்டுவந்து மேஜையில் வெச்சுட்டு உள்ளே போயிட்டா. கையில் கொடுக்கணும், அதுதான் மரியாதை. அவளுக்கு இதெல்லாம் தெரியாததில்லை.

தாரணி விவாகரத்து கேட்டு அனுப்பின வக்கீல் நோட்டீஸ் வந்ததிலிருந்து மனுஷன் இளைச்சுப் போயிருக்கார். "அவ எங்கே இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா மாமா? திருச்சியிலதான் இருக்கான்னு சொல்றாங்க. ஒரு தடவை நேர்ல பார்த்துப் பேசிட்டா எல்லாம் சரியாயிடும்." தெரியாது மாப்பிள்ளைன்னேன். நிஜமாவே தெரியாது. "தெரிஞ்சா எனக்கு ஒரு போன் போடுங்க, போன தடவை மாதிரி" என்றார்.

தாரணி விஷயத்தில் நான் ஒண்ணும் குறை வைக்கலை. அதை இங்கே எழுதி வைக்கிறேன். கல்யாணமாகி எட்டாம் மாசம் பையோட வந்து நின்னா. புதுக் குடித்தனம், அப்படி இப்படித்தான் இருக்கும்னு சமாதானம் சொல்லி, நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், பழைய சிநேகிதர்கிட்ட சொல்லி ஜன்னலோர சீட் வாங்கி உட்கார வெச்சேன். தண்ணி பாட்டில், தயிர்சாதம் எல்லாம் கொடுத்து அனுப்பினேன். ஏப்ரலில் ரெண்டாம் தடவை வந்தா. நாலு நாள் இருந்தா. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, இடது கையை மடியிலேயே வெச்சுக்கிட்டுச் சாப்பிட்டா. அப்பவும் ஜன்னலோர சீட்தான் வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை மாப்பிள்ளை கூடவே வந்து கூட்டிப் போனார்.

வண்டி நகர்ந்தப்போ கை காட்டினேன். அவ காட்டலை.

மூணாம் தடவை வீட்டுக்கு வரலை. எங்கேயோ தங்கிக்கிட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கா. அப்பன்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலை பாருங்க. அப்படிப்பட்டவளுக்கு இந்த வீட்டில் என்ன பேர் வேண்டியிருக்கு.

ஜூலை 18, செவ்வாய்

மறுபடி அந்த போன். 10.51. இன்னிக்குத்தான் அதோட நம்பரை முழுசாப் பார்த்தேன். கடைசியில் 9சி 41.

எங்கேயோ பார்த்த மாதிரி இருந்துது. டைரியைப் பின்னாடி புரட்டினேன்.

ஜூலை 19, புதன்

ஒண்ணும் எழுத ஓடலை. வெந்நீர் போட மறந்து பச்சைத் தண்ணியில் குளிச்சேன்.

ஜூலை 20, வியாழன்

ஃபாரூக்குக்குப் போன் பண்ணிப் பொதுவா ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டேன். லிஸ்டில் இருந்து எடுத்த போன் எப்படி மறுபடி மறுபடி வருது? "அதுக்கு பழைய பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கும் சார். வீட்டுப் பக்கம் வந்தாலே தானா கேட்கும். போன் வெச்சிருக்கிறவங்களுக்கே தெரியாது. பையில இருந்தபடியே கேட்கும்."

எவ்வளவு பக்கம் வரணும்னு கேட்டேன். "கேட் வரைக்குமாவது வரணும் சார். ரெண்டு மணி நேரம் கேட்டுக்கிட்டே இருக்குதுன்னா, வீட்டுக்குள்ளதான் இருக்கணும்."

ஆக, நான் செவ்வாய் வெள்ளி சங்கத்துக்குப் போன பிறகு என் மகள் வீட்டுக்கு வர்றா. சாப்பிடுறா. நான் வர்றதுக்குள்ள போயிடுறா. ஆரோக்கியராஜுக்குத் தெரிஞ்சிருக்கு. அவர் மருமகளுக்கும் தெரிஞ்சிருக்கும். தெருவுக்கே தெரிஞ்சிருக்கலாம். எனக்கு மட்டும் ரூட்டர் சொல்லித்தான் தெரியணும்.

வேணியைக் கூப்பிட்டேன். வந்து என்னங்கன்னு நின்னா. புடவைத் தலைப்பில் கை துடைச்சுக்கிட்டே நின்னா. நாளைக்கு சங்கத்தில் மீட்டிங், வர லேட்டாகும்னு சொன்னேன். "எவ்வளவு லேட்டாகும்?" என்றாள். ரெண்டரை ஆயிடும்னேன். சரிங்கன்னு போயிட்டா. சமையல்கட்டில் எதையோ முணுமுணுத்துக்கிட்டே பாத்திரம் துலக்கினா, பாட்டு மாதிரி இருந்துது.

மீட்டிங் எதுவும் இல்லை.

ஜூலை 21, வெள்ளி

ரெண்டே முக்காலுக்கு வீடு வந்தேன். சங்கத்தில் மனு எழுதி முடிச்சு, பழைய பேப்பரெல்லாம் அடுக்கிக் கொடுத்து, பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்து, ரெண்டு வண்டி வந்து போறதைப் பார்த்துட்டு வந்தேன். 10.49லிருந்து 2.10 வரை முட்டியிருக்கு. மூணு மணி நேரத்துக்கு மேலே.

பின்கட்டுக் குப்பைக் கூடையில் வாழை இலை ஒண்ணு, மடிச்சு வெச்சிருந்துது. நாங்க தட்டில் சாப்பிடுறவங்க. ஆடி வெள்ளி, அம்மனுக்குப் படைச்சேன்னு வேணி சொன்னா. நான் கேட்கவே இல்லை. அவளாத்தான் சொன்னா.

பாயசம் இருந்துது. நல்லா இருந்துதுன்னு சொன்னேன். அவ முழிச்சுப் பார்த்தா. நான் நல்லா இருக்குன்னு சொல்லி எத்தனை வருஷமாச்சோ.

ஜூலை 23, ஞாயிறு

மாப்பிள்ளை போன். "ஏதாவது தெரிஞ்சுதா மாமா?"

ஏப்ரல் மாசம் அவ வந்த அன்னிக்கு இதே போன்தான். பின்கட்டில் துணி துவைக்கிற கல்மேல உட்கார்ந்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "இங்கேதான் இருக்கா, பயப்படாதீங்க, நாலு நாள் கழிச்சு வந்து கூட்டிப் போங்க"ன்னு சொன்னேன். உள்ளே வந்து அவகிட்ட, எவ்வளவு நாள் வேணா இரும்மான்னு சொன்னேன். அந்த நாலு நாளும் அவ நிம்மதியாத் தூங்கினா. அஞ்சாம் நாள் காலையில் வாசலில் மாப்பிள்ளை நின்னப்போ அவ என்னைத்தான் பார்த்தா, அவரைப் பார்க்கலை. அதை எதுக்கு எழுதறேன்.

"தெரியலை மாப்பிள்ளை"ன்னேன்.

"அத்தைக்குத் தெரியுமா?"

"அவளுக்கு என்ன தெரியும்? கோயில் உண்டு, குளம் உண்டுன்னு கிடக்கிறா."

போனை வெச்சேன். முப்பத்திரண்டு வருஷத்தில் பொய் சொல்ற முகம் ஆயிரம் பார்த்திருக்கேன். என் முகம் எப்படி இருந்துதோ.

ஜூலை 25, செவ்வாய்

இன்னிக்குச் சங்கத்துக்குப் போகலை. தெருமுனை டீக்கடையில், பால் கேன் அடுக்கியிருக்கிற பக்கம் உட்கார்ந்தேன். கடைக்காரர் என்ன சார் இங்கேன்னு கேட்டார். வயிறு சரியில்லைன்னு சொன்னேன். வயிறு சரியில்லாதவன் டீக்கடையில் எதுக்கு உட்காரணும்னு அவர் கேட்கலை, நல்ல மனுஷன்.

10.40க்குப் பஸ்ஸில் இருந்து இறங்கினா. மஞ்சள் சுடிதார். அரைக்கை. அந்த வெயிலில் கை ரெண்டும் வெளியே தெரிய நடந்து வந்தா. வெறும் கை, வளையல்கூட இல்லை. இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு, டீக்கடையிலிருந்து பார்க்கிறப்பவே தெரிஞ்சுது. அவ அதை மறைச்சுக்கலை.

தெருவுக்குள்ள திரும்பறதுக்கு முன்னாடி நின்னு ரெண்டு பக்கமும் பார்த்தா. மாப்பிள்ளை எங்கேயாவது நிக்கிறாரான்னு பார்க்கிறாளோ, என் சைக்கிள் நிக்குதான்னு பார்க்கிறாளோ. நான் கேனுக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டேன். வித்அவுட் ஆளுங்க கக்கூஸுக்குள்ள ஒளியற மாதிரி, அறுபத்திமூணு வயசில் பால் கேனுக்குப் பின்னாடி.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்றது?

ஜூலை 26, புதன்

தழும்பைப் பத்தி வேணிகிட்ட எப்படிக் கேட்கிறது? நான் பார்த்ததா தெரிஞ்சுடும். தெரிஞ்சா வேணி அவகிட்ட சொல்லுவா. சொன்னா அவ வரமாட்டா. சொல்லாம இருந்தா, அவ போன் பையில் இருந்தபடியே வாசல்ல முட்டிக்கிட்டு இருக்கும், உள்ளே விடாதவன் நான்தான்.

ஜூலை 27, வியாழன்

இன்னிக்கு வேணி ரேஷன் கடைக்குப் போயிருந்தப்போ போனை எடுத்து உட்கார்ந்தேன். ஃபாரூக்கைக் கேட்கலை. நானே தேடினேன். ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு தடவை லிஸ்டிலிருந்து என் போனையே எடுத்துட்டு, மறுபடி உள்ளே வர்றதுக்குள்ள வேர்த்துப் போச்சு. கடைசியில் கிடைச்சுது. 9சி 41, அனுமதி. பேர் போடுங்கன்னு கேட்டுது. தாரணி போன்னு போட்டேன். அஞ்சாவதா வந்து உட்கார்ந்துது.

யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். அவளுக்குக்கூடத் தெரிய வேண்டாம். போன் தானா கேட்கும்னு ஃபாரூக் சொன்னார். தானா கேட்கட்டும், தானா திறக்கட்டும். வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தவளுக்கு அப்பன் வீட்டுக் காத்து மாதிரி அதுபாட்டுக்கு வந்துட்டுப் போகட்டும்.

என்னால இவ்வளவுதான் முடியும். இதுவாவது முடிஞ்சுதே.

ஜூலை 28, வெள்ளி

சங்கத்தில் மனசு ஓடலை. ஒருத்தர் மனுவில் அவர் பேருக்குப் பதிலா தாரணின்னு எழுதிட்டேன். கிழிச்சுப் போட்டு வேற எழுதிக் கொடுத்தேன்.

போனிலேயே பார்த்தேன். 10.52க்கு உள்ளே வந்துட்டா. பச்சைப் புள்ளி. தாரணி போன், இணைந்துள்ளது. பக்கத்தில் இருந்தவர் என்ன மூர்த்தி சார், சிரிக்கிறீங்கன்னார்.

11.04க்குப் புள்ளி போயிடுச்சு. பன்னிரண்டு நிமிஷம்தான். ஏதோ அவசர வேலை இருந்திருக்கும். யாராவது கூப்பிட்டிருப்பாங்க.

வீட்டுக்கு வந்தா, வேணி ஹாலில் உட்கார்ந்திருந்தா. விளக்கு ஏத்தலை. ஆடி வெள்ளின்னு ஞாபகப்படுத்தினேன். எழுந்து ஏத்தினா. சாப்பாடு எடுத்து வைக்கும்போது குழம்புச் சட்டி நிறைய இருந்துது. யாரும் தொட்ட மாதிரி இல்லை.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

வரலை. மறுக்கப்பட்ட பக்கமும் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. வருஷா வருஷம் அம்மா மண்டபத்துக்குப் போய், சித்திரான்னம் கட்டிக்கிட்டுப் போய், ஆத்துக்குப் பூப் போட்டு, மஞ்சள் கயிறு மாத்திட்டு வர்றது. இந்த வருஷம் வேணி வரலைன்னுட்டா. உடம்புக்கு என்னன்னு கேட்டேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க என்றாள். எலுமிச்சம்பழச் சாதம் மட்டும் கிளறி வெச்சா. வீட்டிலேயே தட்டில் போட்டுச் சாப்பிட்டோம்.

தாரணி சின்னவளா இருந்தப்போ காதோலை கருகமணியை ஆத்தில் விடும்போது, "அது எங்கேப்பா போகும்?"னு கேட்பா. ஸ்ரீரங்கம் தாண்டி, கல்லணை தாண்டி, கடலுக்குன்னு சொல்லுவேன். டிக்கெட் வேண்டாமாப்பான்னு கேட்பா.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வரலை. மூணு மணி வரைக்கும் வெளியே இருந்தேன். வரலை.

சாயங்காலம் எதுக்கும் இருக்கட்டும்னு ரூட்டரை அணைச்சுப் போட்டேன். ரிப்பேராயிருக்கலாம். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேணி வாசலில் நின்னு பார்த்துக்கிட்டிருந்தா.

"அது நல்லாத்தாங்க இருக்கு."

நான் திரும்பலை.

"நீங்கதானே அவ போனைத் திரும்பச் சேர்த்தது?"

ஆமான்னேன்.

அவ கீழே உட்கார்ந்துட்டா. முழுசா எழுதி வைக்கிறேன், ஒரு வார்த்தை விடாம.

"நீங்க எடுத்தப்போ நான்தாங்க அவகிட்ட சொன்னேன். அப்பா உன் போனை எடுத்துட்டாருடி, லிஸ்ட்லயே இல்லைன்னு. அழுவான்னு பார்த்தேன். சிரிச்சா. நல்லதாப் போச்சும்மா, அப்போ அப்பா என்னை மறந்துட்டாரு, இனிமே பயமில்லாம வரலாம்னா. அந்தத் தைரியத்துலதான் வந்துட்டிருந்தா. போன வெள்ளிக்கிழமை இலை போட்டு, சாம்பார் ஊத்தி, ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பா. போன்ல டிங்குன்னு சத்தம் வந்துது. எடுத்துப் பார்த்தா. அம்மா, வைஃபை வந்துடுச்சுன்னா. எனக்குப் புரியலை. அப்பாவுக்குத் தெரிஞ்சுடுச்சும்மா, அவன் வந்துட்டிருக்கான்னா. சாப்பிட்ட கையோட எழுந்தா. கையைக் கழுவலைங்க. பின்பக்கமா, ஆரோக்கியராஜ் வீட்டு வழியா போனா. செருப்புகூட நான்தான் எடுத்துட்டு ஓடினேன்."

"நான் மாப்பிள்ளைகிட்ட சொல்லலை வேணி. கேட்டார். தெரியாதுன்னு சொன்னேன். சத்தியமா."

"எனக்கு எப்படிங்க தெரியும்? அவளுக்கு எப்படித் தெரியும்? போன தடவையும் எவ்வளவு நாள் வேணா இரும்மான்னுதானே சொன்னீங்க."

ரூட்டர் பெட்டியைக் கீழே வெச்சேன். அவளே மேலே கேட்டா, சண்டை போடற குரலில் இல்லை, கடையில் கணக்குப் பார்த்துச் சொல்ற மாதிரி. "உங்க லிஸ்ட்ல அவன் போன் இன்னும் இருக்குதானே?"

இருக்கு. நாலாவது. ஒரு மாசமா தினமும் பார்க்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு உறுத்தலை.

அவ கை எப்படி ஆச்சுன்னு கேட்டேன். சுடுதண்ணின்னா. அவ ஊத்திக்கிட்டதான்னு கேட்டேன். வேணி எழுந்து உள்ளே போயிட்டா.

ஆகஸ்ட் 5, சனி

நாலாவது பேரை எடுத்துட்டேன். அரை நிமிஷம்கூட ஆகலை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மாப்பிள்ளை சொல்லாம கொள்ளாம வந்து நின்னார். உட்கார்ந்தார். போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "நெட் கனெக்ட் ஆக மாட்டேங்குதே மாமா?"

"ஆகாது."

"ரிப்பேரா?"

"இல்லை. உங்க பேர் இல்லை."

என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததில்லை. தாரணி பார்த்திருப்பா. எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னேன். "பெரியவர்னு பார்க்கிறேன்" என்றார். "எனக்குத் தெரியாம எங்கே போயிடுவா, பார்க்கலாம்" என்றார். போயிட்டார்.

கோயம்புத்தூர் பஸ் ஏறினாரா, இதே ஊரில்தான் சுத்துறாரான்னு தெரியலை. அதைச் சொல்ற லிஸ்ட் எதுவும் இல்லை. வீட்டுக்குள்ள வராம என்னால தடுக்க முடியும். கேட்டுக்கு வெளியே நான் யாரு.

வேணி ரெண்டு டம்ளர் காபி கொண்டுவந்தா. ஒண்ணை என் கையில் கொடுத்தா.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

வேணி வெக்காளியம்மன் கோயிலுக்குன்னு கிளம்பினா. பெரிய டிபன் கேரியர், நாலு அடுக்கு. கோயிலுக்கு எதுக்குக் கேரியர்னு நான் கேட்கலை. சங்கத்துக்கும் போகலை. இனிமே நான் வீட்டில் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

லிஸ்டைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். 10.12க்கு வேணி போன் போச்சு. 1.22க்குத் திரும்பி வந்துது. போக வர பஸ்ஸை விட்டா ரெண்டு மணி நேரமாவது என் மகள்கூட இருந்திருப்பா.

எங்கேன்னு கேட்கலை. கேட்டா சொல்ல மாட்டா. சொல்லாம இருக்கிறதுதான் நல்லது. எனக்குத் தெரியாத வரைக்கும்தான் அவளுக்கு நல்லது. இதை எழுதறப்போ என் எழுத்தே எனக்குப் புரியலை, கோணலா வருது.

கேரியரை நான் கழுவி வெச்சேன். நாலு அடுக்கும் காலி.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலையில் மார்க்கெட் போய் சேப்பங்கிழங்கு வாங்கிட்டு வந்து கொடுத்தேன். தாரணிக்கு அந்த வறுவல்னா உயிர். வேணி தோல் உரிச்சா. நானும் உட்கார்ந்து உரிச்சேன். கை அரிச்சுது.

கிளம்பும்போது சொன்னேன். "அவன் பேரை எடுத்துட்டேன்னு சொல்லு. வாசல்ல இருந்தே அனுப்பிட்டேன்னு சொல்லு. ஊருக்குள்ள நடமாடும்போது ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு."

"சொல்றேங்க."

10.09க்குப் போச்சு. 1.31க்கு வந்துது.

கேரியரை வாங்கி வெச்சுக்கிட்டு நின்னேன். வேணி செருப்பைக் கழற்றி, கால் கழுவி, தண்ணி குடிச்சு, முகத்தைத் துடைச்சா. அவசரமே இல்லை அவளுக்கு. கடைசியில் நானே கேட்டேன், சொன்னியான்னு.

"சொன்னேன்."

"என்ன சொன்னா?"

"அப்படியான்னா."

"வேற?"

"வறுவல்ல உப்பு கம்மின்னா."

வேற ஏதாவதுன்னு கேட்க வாயெடுத்தேன். வேணி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம்தான் இருந்துது. அது கோபத்தைவிட மோசம். "சேப்பங்கிழங்கு நீங்க வாங்கினதுன்னு நான் சொல்லலைங்க. சொன்னா சாப்பிட மாட்டாளோன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.

நீ பண்ணினது நல்லதுதான்னு சொல்லிட்டு ஹாலுக்கு வந்துட்டேன். வேற என்ன சொல்றது?

இன்னிக்கு சார்ட்: ஒண்ணு, என் போன், இருக்கேன். ரெண்டு, வேணி போன், போய்ட்டு வந்தாச்சு. மூணு, டி.வி., ஓடுது. நாலு, காலி. அஞ்சு, தாரணி போன், அனுமதி உண்டு. என்.டி.

சார்ட்டில் பேர் இருந்தும் ஆள் வரலைன்னா என்.டி.ன்னு குறிப்போம். குறிச்சதுமே பெர்த்தை அடுத்தவனுக்குக் கொடுத்துடக் கூடாது. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பார்க்கணும், ஆள் அங்கே வந்து ஏறலாம். நான் எப்பவும் பார்ப்பேன். சில பேர் ஓடிவந்து ஏறுவாங்க, மூச்சு வாங்கும், சாரி சார்ம்பாங்க. எனக்கு இப்போ அடுத்த ஸ்டேஷன்னு ஒண்ணு இல்லை. பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.